எடை குறைப்பில் பாதி வழி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, எங்கள் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, தை பிறப்பதற்குள் இன்னும் பன்னிரண்டு கிலோ குறைய வேண்டும். இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். வேறு எதை நிறுத்தலாம், சொல்லுங்கள்" என்றாள். ஐந்து மாதத்தில் ஒன்பது கிலோ குறைத்தவள் அவள். ஒரு மாதமாக எடை அசையவில்லை. முகம் வாடி, உதடு வெடித்திருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினொரு வருடத்துக்கு முன் அதே இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். 94 கிலோவில் தொடங்கினேன். இன்று 68. நடுவில் ஒரு முறை தோற்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, இருபத்தெட்டு மாதம் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஐந்து வருடமாக அதே எடையில் இருக்கிறேன். விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் என்னோடு நடக்கிறார்கள். அவர்களும் நான் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுவதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

டீக்குச் சர்க்கரை, சாயங்கால போண்டா, இரவு பதினொரு மணிக்குப் புரோட்டா என்று நான் தொடங்கப் போவதில்லை. பாதி வழி வந்தவர்களுக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்தவர்களே எங்கே சறுக்குகிறார்கள் என்பதுதான் என் கவலை.

முதல் மாதத்தை வைத்து மற்ற மாதங்களை அளப்பது

முதல் மாதம் எனக்கு நாலரை கிலோ குறைந்தது. அடுத்த மாதம் இரண்டு. "என்ன தப்புச் செய்தேன்?" என்று அன்றே மனம் சோர்ந்துவிட்டது. தப்பு எதுவும் இல்லை. நம் உடம்பு மாவுச்சத்தை ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமித்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. சோற்றைக் குறைத்த முதல் வாரங்களில் அந்தச் சேமிப்பு கரைந்து, தண்ணீரும் வெளியேறுகிறது. தராசில் தெரியும் பெரிய இறக்கத்தில் கணிசமான பங்கு அதுதான்.

அதற்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பத்து கிலோ அரிசிப் பையைச் சுமந்துகொண்டு மைதானத்தைச் சுற்றுங்கள். பிறகு இறக்கி வைத்துவிட்டுச் சுற்றுங்கள். இரண்டாவது சுற்றுக்கு உடம்பு குறைவாகத்தானே செலவழிக்கும்? பத்து கிலோ இளைத்தவளின் நிலைமை அதுதான். அதே சாப்பாடு, அதே நடை என்றாலும் குறையும் வேகம் மட்டுப்படும். ஐந்தாவது மாதத்தில் வாரத்துக்கு அரை கிலோ இறங்கினால் அது நல்ல இறக்கம். உப்பு கூடிய ஒரு சாப்பாடோ, மாதவிலக்குக்கு முந்தைய நாட்களோ ஒன்றிரண்டு கிலோவை ஏற்றிக் காட்டும். அதைப் பார்த்து அழ வேண்டாம்.

நாள் குறித்துவிட்டு இளைப்பது

இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

என் தம்பிக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீர் என்ற கல்யாணச் சடங்கு இருக்கிறது. அதற்கு நான்தான். கொங்குக் கல்யாணம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மணப்பெண்ணுக்கு அடுத்தபடியாக எல்லார் கண்ணும் இணைச்சீர்க்காரி மேல்தான் இருக்கும். ஆனியில் 94 கிலோவில் தொடங்கி, ஐப்பசியில் 83க்கு வந்திருந்தேன். பதினொரு கிலோ. இன்று யாராவது அப்படிக் குறைத்தால் அவர்களைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். அன்று எனக்கு அது போதவில்லை. கல்யாணத்துக்குள் 70 என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வட்டம் போட்டிருந்தேன். ஐந்து வாரமாக எடை 83லேயே நின்றது. கல்யாணத்துக்குப் பதினொரு வாரம் இருந்தது.

அன்று எனக்குக் கணக்குப் போட்டுக் காட்ட ஆள் இல்லை. இப்போது போட்டுக் காட்டுகிறேன். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 13 கிலோவுக்கு 1,00,100. அதை 77 நாளால் வகுத்தால் தினமும் 1,300 கலோரி பற்றாக்குறை வேண்டும். என் உடம்பு அப்போது நாளுக்கு ஏறக்குறைய 2,000 செலவழித்திருக்கும். அப்படியானால் சாப்பிட மீதி 700. எட்டரை மணிக்குப் போய் ஒன்றரை ஷிப்ட் நின்று வேலை பார்ப்பவள், இரண்டரை மாதத்துக்கு நாளெல்லாம் ஒரு வேளைச் சாப்பாட்டில் இருக்க வேண்டும். நோட்டில் வட்டம் போட்டபோதே அந்த எண் நடக்காத எண்.

நான் பணம் கட்டிச் சேர்ந்திருந்த எடை குறைப்பு நிலையத்தார் எனக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். "முயன்றால் முடியும்" என்று உற்சாகப்படுத்தி, காலைக் கம்மங்கூழ் ஒன்றையும் மதியம் ஒரு கரண்டிச் சோற்றையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நிறுத்தச் சொன்னார்கள். எனக்கும் முயற்சி குறைந்தால் அவமானம் என்ற எண்ணம். நிறுத்தினேன்.

மூன்றாவது வாரம், செக்கிங் டேபிளில் டியூப்லைட்டுக்குக் கீழே ஒரே பீஸை மூன்று முறை புரட்டினேன். கழுத்துப் பட்டியில் தையல் விட்டிருந்தது என் கண்ணில் படவில்லை. அந்த லாட் பேக்கிங்கிலிருந்து திரும்பி வந்தது. பதினைந்து வருட வேலையில் எனக்கு அப்படி நடந்ததில்லை. நடைக்குப் போவதை முதலில் விட்டேன், தெம்பில்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். மார்கழியில் தலை சீவினால் சீப்பு முழுக்க முடி. எடை வேகமாகக் குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது தெரிந்த விஷயம்தான் என்று பிற்பாடு மருத்துவர் சொன்னார். கல்யாணத்தன்று 76 கிலோ. எல்லாரும் பாராட்டினார்கள். 70 வரவில்லையே என்று எனக்குள் அழுகை.

கல்யாணம் முடிந்த மறுநாள் நோட்டைத் திறந்தேன். எழுத ஒன்றும் இல்லை. நாள் குறித்து இளைப்பதில் உள்ள பெரிய கேடு இதுதான். அந்த நாள் போன பிறகு நடப்பதற்குக் காரணம் இல்லை, அளவாகச் சாப்பிடுவதற்குக் காரணம் இல்லை. புது மாப்பிள்ளை, பெண்ணுக்கு வீட்டுக்கு வீடு விருந்து. நெய் வழிய ஒப்புட்டு, கச்சாயம், அரிசிம்பருப்பு சாதம். எனக்குப் பசி அடங்கவே இல்லை. சாப்பிட்டு எழுந்து அரைமணி நேரத்தில் மறுபடி சமையலறையில் நிற்பேன். மன உறுதி இல்லாதவள் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அடுத்த தீபாவளிக்கு 95 கிலோ. தொடங்கிய எடைக்கும் ஒரு கிலோ மேலே.

அந்தப் பசிக்குக் காரணம் என் மனம் மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்ளப் பல வருடம் ஆனது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு. சோதனை முடிந்து சாப்பாடு தாராளமாகக் கிடைத்ததும் பலர் வயிறு நிறைந்த பின்னும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். எந்தக் குறையும் இல்லாத திடகாத்திரமான பையன்களுக்கே அந்தக் கதி. ஒப்புட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்த என்னை நானே அத்தனை மாதம் வெறுத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது முறை நாள் குறிக்கவில்லை. வாரத்துக்கு ஐந்து நாள் முக்கால் மணி நேரம் நடை, இரவில் தட்டில் பாதிக்குக் காய், காலையில் முட்டையோ பயறோ ஏதாவது ஒன்று. செய்தேனா, இல்லையா என்று மட்டும் நோட்டில் எழுதினேன். 84க்கு வந்தபோது எடை நின்றது. இந்த முறை நானும் நின்றேன். ஒரு மாதம், எடை ஏறாத அளவுக்குச் சற்றே தாராளமாகச் சாப்பிட்டு, நடையை மட்டும் விடாமல் இருந்தேன். எங்கள் தொழிலில், வந்த துணி ரோலைப் பிரித்து ஒரு நாளாவது ஆறப்போட்டுத்தான் கட்டிங்குக்கு எடுப்போம். அவசரப்பட்டு வெட்டினால் அளவு சரியாகத்தான் இருக்கும், துவைத்ததும் சுருங்கிவிடும். தினமும் துணிக்குக் கொடுத்த அவகாசத்தை நான் என் உடம்புக்குக் கொடுத்ததில்லை. அந்த ஒரு மாதம் முடிந்ததும் மறுபடி குறைய ஆரம்பித்தது.

கையைப் பிடித்த பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். "இல்லை கண்ணு, எதையும் நிறுத்தாதே. இன்றைக்கு இரவு போய் இரண்டு இட்லி சாப்பிடு." அவளுக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நானும் அந்த வயதில் அப்படித்தான் போயிருப்பேன்.

தராசை மட்டும் நம்புவது

நாளெல்லாம் கழுத்தில் இன்ச் டேப் தொங்குகிறது. மார்பளவு, நீளம், கை என்று ஆயிரக்கணக்கான பீஸ்களை அளந்திருக்கிறேன். அந்த டேப்பை என் இடுப்பில் ஒருநாள்கூட வைத்ததில்லை. இரண்டாவது முறைதான் வைத்தேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டுவிட்டு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். நம் நாட்டவருக்கு ஆண்களானால் 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களானால் 80க்குள்ளும் இருப்பது நல்லது என்பார்கள். எடை அசையாமல் நின்ற அந்த மாதத்தில் என் இடுப்பு மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தது. தராசு அதைச் சொல்லவே இல்லை.

இன்னொரு அளவும் வைத்திருக்கிறேன். சென்னிமலைக்கு 1,320 படி. முதல் தடவை ஏறும்போது பதினோரு இடத்தில் உட்கார்ந்தேன். அடுத்த வருடம் நான்கு. எத்தனை இடத்தில் உட்கார்ந்தோம் என்று எழுதி வையுங்கள். மனம் சோரும் மாதத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டினால் கால் தானாக மைதானத்துக்குக் கிளம்பும்.

நல்ல பொருள்தானே என்று அளவை விடுவது

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லிக்கொண்டே, கொள்ளுப் பருப்பில் நெய் ஊற்றி இரண்டு தட்டுச் சோறு பிசைவது நம் பக்கத்து வழக்கம். கொள்ளு நல்ல பயறு, சந்தேகமில்லை. கூடப் போகும் சோற்றை அது கரைத்துவிடாது. நிலக்கடலையும் அப்படித்தான். டிவி பார்த்தபடி 100 கிராம் கொறித்தால் 560 கலோரிக்கு மேல்.

பாதி வழியில் முதலில் தளர்வது எண்ணெய்க் கைதான். மரச்செக்கில் ஆட்டியது என்பதால் கலோரி குறைவதில்லை. எந்த எண்ணெயும் கிராமுக்கு ஒன்பதுதான். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு மாதம் நான்கு லிட்டர் கடலை எண்ணெய் போய்க்கொண்டிருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 270 கலோரி. வீட்டுக்கு வாங்குவதையே இரண்டு லிட்டராக்கினேன். யாரும் சமையலில் குறை சொல்லவில்லை. தினமும் கரண்டியால் அளப்பதைவிட மாதக் கணக்கைப் பார்ப்பது எளிது.

ஊர் வாய்க்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது

"ஏனுங்க அக்கா, மேலுக்கு முடியவில்லையா? சர்க்கரையா?" பத்து கிலோ குறைந்ததும் விசேஷ வீடுகளில் கேட்பார்கள். நம் ஊரில் இளைத்தால் நோய், பருத்தால் செழிப்பு. இதைக் கேட்டு மனம் தளர்ந்து, இரண்டு பந்தியில் உட்கார்ந்தவர்களை நான் அறிவேன். "நன்றாக இருக்கிறேனுங்க" என்று ஒரே வரி. அதற்கு மேல் பேசாதீர்கள்.

நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு, மறுநாள் பட்டினி

வேண்டாம். வழக்கமான காலைச் சாப்பாடு, வழக்கமான நடை.

பழைய ஜாக்கெட்டுகளைப் பத்திரப்படுத்துவது

பிடித்துத் தையுங்கள், அல்லது யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பெட்டியில் வைக்காதீர்கள்.

மாத்திரை அளவை மறப்பது

சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், ஐந்தாறு கிலோ குறைந்ததும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கூடுதல் எடையில் இருந்தபோது கொடுத்த அளவு இப்போது அதிகமாகிவிடலாம். நீங்களாகவும் குறைக்கக் கூடாது. எங்களோடு நடக்கும் பெரியம்மா ஒருவருக்கு, ஏழு கிலோ குறைந்த பிறகும் அதே சர்க்கரை மாத்திரைதான். ஒரு நாள் விடியற்காலை மைதானத்தில் கை நடுங்கி, சேலை நனையும் அளவுக்கு வியர்த்து உட்கார்ந்துவிட்டார். காவலாளியின் டீயில் இரண்டு கரண்டிச் சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டுக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். அன்றைக்கே மருத்துவர் மாத்திரையைப் பாதியாக்கினார். ஒரு மாதம் முன்பே போகச் சொல்லி நான் வற்புறுத்தியிருக்க வேண்டும்.