வீட்டு லேபுக்கு ஆசிலாஸ்கோப் வாங்கும் முன்

நடுத்தர விலையில் டிஜிட்டல் ஆசிலாஸ்கோப் (வோல்டேஜ் நேரத்தோடு மாறுவதைத் திரையில் அலையாக வரையும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்) தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மெகா ஹெர்ட்ஸ்?" என்றுதான். அர்டுயினோ, இஎஸ்பி 32 போன்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகள், எஸ்.எம்.பி.எஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) ரிப்பேர், ஆடியோ ஆம்ப் இவைதான் வேலை என்றால் 70 முதல் 100 மெகா ஹெர்ட்ஸ் போதும். காசு கொடுத்தும் அலை சரியாகத் தெரியாமல் போவது பெரும்பாலும் வேறு காரணங்களால். நான்கு சேனலையும் (சிக்னல் நுழையும் வாய்கள்) போட்டால் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) எவ்வளவு மிஞ்சுகிறது, மெமரி எவ்வளவு, சர்க்யூட்டைத் தொடும் புரோப்பின் கிரவுண்டை எங்கே மாட்டுகிறோம் என்பவைதான் அந்தக் காரணங்கள்.

அந்த மெகா ஹெர்ட்ஸ்தான் பேண்ட்வித், அலையைப் பெரிதாகக் குறைக்காமல் ஸ்கோப் காட்டும் உச்ச அதிர்வெண். அதற்கு ஒரே கணக்கு போதும். 0.35-ஐ பேண்ட்வித்தால் வகுத்தால் ஸ்கோப்பின் ரைஸ் டைம் (அது காட்டக்கூடிய மிக வேகமான ஏற்றத்துக்கு ஆகும் நேரம்) வரும். 50 மெகா ஹெர்ட்ஸுக்கு 7 நானோ செகண்ட், 70-க்கு 5, 100-க்கு 3.5. 400 கிலோ ஹெர்ட்ஸ் ஐ2சி (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பி இணைப்பு) பஸ்ஸில் ஏறும் விளிம்புக்கு 300 நானோ செகண்ட் வரை அனுமதி உண்டு, அதற்கு 50 மெகா ஹெர்ட்ஸே தாராளம். 12 மெகாபிட் யு.எஸ்.பி.யின் விளிம்பு 4 முதல் 20 நானோ செகண்ட் வரை இருக்கும், அங்கே 100 இருந்தால் நல்லது. 480 மெகாபிட் யு.எஸ்.பி.யின் அலை வடிவத்தைப் பார்க்கும் ஆசையை இந்த விலையில் விட்டுவிட வேண்டியதுதான்.

சாம்பிள் ரேட்டில்தான் விளம்பரம் ஏமாற்றும். பெட்டியில் போட்டிருக்கும் எண் ஒரு சேனல் மட்டும் ஓடும்போது கிடைப்பது. ரைகால் டி.எஸ் 1054 இசட்டில் 1 ஜிகா சாம்பிள் என்பது நான்கு சேனலும் போட்டால் 250 மெகா சாம்பிளாகிவிடும். 50 மெகா ஹெர்ட்ஸ் ஸ்கோப்புக்கு அது 5 மடங்கு, குறையில்லை. அதே 250-ஐ 100 மெகா ஹெர்ட்ஸ் மாடலில் வைத்தால் 2.5 மடங்குதான், அதற்குக் கீழே போகக் கூடாது. ரைகால் டி.எச்.ஓ 804-இல் 1.25 ஜிகா, நான்கும் ஓடினால் 312.5 மெகா. சிக்லென்ட் எஸ்.டி.எஸ் 804 எக்ஸ் எச்.டி.யில் 2 ஜிகா, நான்கும் ஓடினால் 500 மெகா. இரண்டுமே 70 மெகா ஹெர்ட்ஸ், 12 பிட். சாம்பிள் பற்றாவிட்டால் வேகமான சிக்னல் மெதுவான அலைபோல வேஷம் போடும். டைம்பேஸை (திரையின் நேர அளவை)த் திருப்பும்போது அலையின் அதிர்வெண்ணும் சேர்ந்து மாறினால் அந்த அலையை நம்ப வேண்டாம்.

மெமரிக்கும் கணக்கு எளிது. 8 மெகா ஹெர்ட்ஸ் எஸ்.பி.ஐ (சிப்புகளுக்கு இடையிலான இன்னொரு இணைப்பு) கிளாக்கை 200 மில்லி செகண்ட் முழுக்கப் பிடிக்க வேண்டும், கிளாக் ஒன்றுக்கு 5 சாம்பிள் வேண்டும் என்றால் நொடிக்கு 40 மெகா சாம்பிள், மொத்தம் 80 லட்சம் புள்ளிகள். மெமரியையும் சேனல்கள் பங்கு போட்டுக்கொள்ளும், டேட்டாஷீட்டில் நான்கு சேனலுக்கான எண்ணைத் தேடிப் பாருங்கள். சீரியல் டீகோட் (கம்பியில் போகும் தரவைப் படித்துக் காட்டும் வசதி) கூடவே வருகிறதா, லைசன்ஸுக்குத் தனியாகப் பணமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். எஸ்.பி.ஐ.க்கு நான்கு கம்பி என்பதால் இரண்டு சேனல் ஸ்கோப் வாங்கிவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் நிறைய.

8 பிட்டா, 12 பிட்டா? வோல்டேஜை எத்தனை படிகளாகப் பிரிக்கிறது என்பதைத்தான் பிட் சொல்கிறது. ஒரு கட்டத்துக்கு 1 வோல்ட், மொத்தம் 8 கட்டம் என்று வைத்தால் 8 பிட்டில் ஒரு படி 31 மில்லி வோல்ட், 12 பிட்டில் 2 மில்லி வோல்ட். 5 வோல்ட் சப்ளையின் ரிப்பிளை (சிறு ஏற்ற இறக்கத்தை) மட்டும் பார்க்க ஏ.சி கப்ளிங் (டி.சி.யை வெட்டிவிடும் அமைப்பு) போட்டால் 8 பிட்டே போதும். பெரிய அலையின் மேல் உள்ள சிறிய நெளிவை அதே திரையில் பார்க்கும்போதுதான் 12 பிட் உதவும். விலை வித்தியாசம் சிறிதென்றால் 12 பிட் எடுங்கள், ஆனால் அதற்காக நான்கு சேனலை இரண்டாக்கிக்கொள்ள வேண்டாம்.

புரோப்பை எப்போதும் 10 எக்ஸில் (சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கும் நிலையில்) வையுங்கள். 1 எக்ஸில் பேண்ட்வித் 6 மெகா ஹெர்ட்ஸ் அளவுக்கு விழுந்துவிடும், சர்க்யூட்டின் மேல் ஏறும் கெப்பாசிட்டன்ஸும் 100 பிக்கோ ஃபாரட்டை நெருங்கும். ஸ்கோப் மெனுவிலும் 10 எக்ஸ் என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வோல்டேஜ் பத்து மடங்கு தப்பாகக் காட்டும். 32.768 கிலோ ஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் காலில் 10 எக்ஸ் புரோப்பை வைத்தால்கூட ஆசிலேட்டர் நின்றுபோகலாம். கன்ட்ரோலரில் கிளாக் அவுட் பின் இருந்தால் அங்கே அளப்பதே நல்லது.

எல்லோரும் சறுக்குவது கிரவுண்ட் கிளிப்பில். 12 செ.மீ. வயர் ஏறத்தாழ 120 நானோ ஹென்றி. புரோப் முனையின் 12 பிக்கோ ஃபாரட்டோடு சேர்ந்து அது 130 மெகா ஹெர்ட்ஸ் அளவில் அதிரும். திரையில் சதுர அலையின் மூலையில் நடுக்கம் தெரியும், ஆள் அதைச் சர்க்யூட்டின் கோளாறு என்று நினைத்து மாஸ்ஃபெட்டை (ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரை) மாற்றிக்கொண்டிருப்பார். புரோப்போடு வரும் சின்ன ஸ்பிரிங் கிரவுண்டை மாட்டிப் பாருங்கள். நடுக்கம் அடங்கிவிட்டால் சர்க்யூட்டின் மேல் குற்றமில்லை.

எஸ்.எம்.பி.எஸ்ஸின் பிரைமரி பக்கம் (மெயின்ஸ் கரண்ட் நேரடியாக வரும் பகுதி) கை வைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். புரோப்பின் கிரவுண்ட் கிளிப் ஸ்கோப்பின் உடல் வழியாக மூன்று பின் பிளக்கின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, நான்கு சேனலுக்கும் அதுவே பொது. 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். பிரிட்ஜின் (ஏ.சி.யை டி.சி ஆக்கும் டயோடுகள்) மைனஸ் முனை எர்த் அல்ல, அங்கே கிளிப்பை மாட்டினால் டயோடு வழியாக நேரடி ஷார்ட். ஆர்.சி.சி.பி (கரண்ட் கசிந்தால் அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் பிரிட்ஜோ ஸ்கோப்போ போகும். எர்த் பின்னை வெட்டிவிட்டு அளப்பது இன்னும் மோசம், ஸ்கோப்பின் உடலிலேயே மெயின்ஸ் கரண்ட் ஏறிவிடும். உயர் வோல்டேஜ் டிஃபரென்ஷியல் புரோப் (எர்த்தோடு சேராமல் இரு புள்ளிகளுக்கு இடையே அளப்பது) வாங்குங்கள். அதன் விலையையும் சேர்த்தே ஸ்கோப் பட்ஜெட்டைப் போட வேண்டும். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (கரண்டை மெயின்ஸிலிருந்து பிரித்துத் தருவது) கையில் இருந்தால் அதைப் பழுதுபார்க்கும் போர்டுக்குக் கொடுங்கள், ஸ்கோப்புக்கு வேண்டாம். அப்போதும் போர்டில் ஒரு புள்ளியில் மட்டுமே கிளிப் மாட்டலாம், வெறும் கை படக் கூடாது.

டைப் சி அடாப்டரில் ஓடும் ஸ்கோப் என்றால் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, புரோப் மாட்டும் பி.என்.சி வாயின் வெளி உலோகத்துக்கும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் கன்டினியூட்டி இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். இல்லாவிட்டால் எர்த் கம்பியைத் தனியே கொடுக்க வேண்டும். பழைய வீடுகளில் சுவர் சாக்கெட்டிலேயே எர்த் இருக்காது, எலக்ட்ரீஷியனிடம் முதலில் அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் சில சோதனைகள். அரை மணி நேரம் ஓடவிட்டு செல்ஃப் கேலிபிரேஷன் செய்யுங்கள். ஸ்கோப்பிலேயே வரும் 1 கிலோ ஹெர்ட்ஸ் சதுர அலையில் மாட்டி, புரோப்பின் திருகைத் திருப்பி மூலையை நேராக்குங்கள். புரோப்பை வேறு சேனலுக்கு மாற்றினால் மறுபடி செய்ய வேண்டும். எந்தப் புரோப்பும் மாட்டாமல் ஒவ்வொரு சேனலையும் மிகக் குறைந்த வோல்ட் அளவில் வைத்தால் நான்கின் இரைச்சலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தடித்திருந்தால் அனுப்பிவிடுங்கள். 5 வோல்ட்டில் ஓடும் 74 ஏசி 14 என்ற வேகமான லாஜிக் ஐ.சி.யின் விளிம்பு 2 நானோ செகண்ட் என்று கொண்டால், ஸ்பிரிங் கிரவுண்டோடு 100 மெகா ஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் 4-ஐ ஒட்டியும் 70-இல் 5.4-ஐ ஒட்டியும் ரைஸ் டைம் வரும். 17, 18 அல்லது அதற்கு மேல் வந்தால் முதலில் புரோப் 10 எக்ஸில் இருக்கிறதா, மெனுவில் 20 மெகா ஹெர்ட்ஸ் பேண்ட்வித் லிமிட் தெரியாமல் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.