கேஸ் குறையவில்லை, தூசிதான் கூடியிருந்தது

காட்பாடியில் சின்னதாக ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். அக்னி நட்சத்திரத்தில் ஐஸ் மெஷின் மக்கர் பண்ணியது. 20 நிமிஷத்தில் கொட்டும் ஐஸ் 40 நிமிஷமாகியும் விழவில்லை. வந்த மெக்கானிக் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “கேஸ் போச்சு சார், ஏத்தணும்” என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம். குளிரூட்டும் கேஸ் குறைந்தால், ஐஸ் உறையும் தட்டில் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் ஐஸ் பிடிக்கும். இங்கே எல்லாக் கட்டியும் ஒரே அளவு; நேரம்தான் இழுத்தது. அப்படியென்றால் சூடு வெளியேற வழியில்லை.

மெயினை அணைத்துப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் இடுக்கெல்லாம் தூசியும் பக்கத்து பஜ்ஜிக் கடை எண்ணெய்ப் பிசுக்கும் கம்பளிபோல அப்பியிருந்தன. கண்டென்சரின் மெல்லிய தகடுகள் வளையாமல் மென்மையான பிரஷ்ஷால் நெடுக்காகத் தேய்த்து, உள்ளிருந்து வெளியே புளோயர் அடித்தேன். சுவரோடு ஒட்டியிருந்த மெஷினை ஒரு முழம் தள்ளி வைத்தேன். வெயிலில் கொதிக்கும் மாடித் தொட்டித் தண்ணீருக்குப் பதில் கீழ்த்தொட்டி இணைப்பு கொடுத்தேன்.

இப்போது 23 நிமிஷம். வேலூர் வெயிலுக்கு அது போதும். போர்த் தண்ணீர் உப்புப் படிவு தனிக் கதை. அதற்கு அடுத்த ஞாயிறு.