மானியம் மாறினாலும் சம்பளம் நிற்காமலிருக்க: மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிதித் திட்டமிடல்

தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்க உட்காரும்போது, அரசு எவ்வளவு தரும் என்பதே பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கிறது. அதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது நல்லது. மானியம் கூடலாம், குறையலாம், நிதியாண்டு முடியும் தறுவாயில் வந்து சேரலாம். சம்பளமும் ஓய்வூதியமும் மாதந்தோறும் கொடுத்தாக வேண்டியவை.

ஆகவே, தவிர்க்க முடியாத செலவுகளை மாதவாரியாக முதலில் எழுதுங்கள். ஓய்வூதியத்தைத் தனி வரிசையில் வையுங்கள். 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் மாத ஓய்வூதியம் தரும் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பதால், பணியிடங்களை நிரப்பாமல் விட்டுச் சம்பளத்தைக் குறைத்தாலும் இந்தச் செலவு குறையாது. அகவிலைப்படி உயர்வையும் இப்போதே சேர்த்துவிட வேண்டும். எடுத்துக்காட்டாக, அடிப்படை ஊதியமும் அடிப்படை ஓய்வூதியமும் சேர்ந்து மாதம் 10 கோடி ரூபாய் என்றால், அகவிலைப்படி 4 விழுக்காடு உயரும்போது மாதத்துக்கு 40 லட்சமும் ஆண்டுக்கு 4.8 கோடியும் கூடும். ஜனவரியிலும் ஜூலையிலும் இந்த உயர்வு வரும் என்று தெரிந்திருந்தும் அதை 'எதிர்பாராச் செலவு' என்று கணக்கில் காட்டுவது வேடிக்கையானது.

அடுத்தது சொந்த வருவாய். தேர்வுக் கட்டணம், பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் செலுத்தும் இணைப்புக் கட்டணம், தொலைநிலைக் கல்வி ஆகியவை நிலையானவை போலத் தோன்றினாலும், ஒரே ஒரு சட்டத்தாலோ விதிமுறையாலோ சுருங்கிவிடக்கூடியவை. 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது, அந்த வட்டாரக் கல்லூரிகள் அதன்கீழ் மாறியதால், அவற்றிலிருந்து வந்த வருவாய் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கையைவிட்டுப் போனது. ஒவ்வொரு வரவுக்கும் எதிரே, அது எதனால் நின்றுபோகக்கூடும் என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும்.

பலர் கவனிக்கத் தவறும் இடம் வருமான வரி. அரசு மானியம் மொத்த வரவில் 50 விழுக்காட்டைத் தாண்டினால்தான் ஒரு பல்கலைக்கழகம் 'பெருமளவு அரசு நிதியில் இயங்குவது' என்ற அடிப்படையில் வரிவிலக்குப் பெற முடியும் என்று வருமான வரி விதிகள் வரையறுத்தன. அரசு மானியத்தைக் குறைத்து, 'சொந்த வருவாயைப் பெருக்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லும்போது, அந்தப் பெருக்கமே விலக்கைப் பறித்துவிடக்கூடும். சென்னைப் பல்கலைக்கழகத்திடம் வருமான வரித்துறை 424 கோடி ரூபாய் கேட்டு, 2024 பிப்ரவரியில் அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியபோது எழுந்த சிக்கல் இதுதான். எனவே மானியத்தின் பங்கு எத்தனை விழுக்காடு என்பதை ஆண்டின் நடுவிலேயே கணக்கிட வேண்டும். 50-ஐ நெருங்கி இறங்குவது தெரிந்தால், அறநோக்க நிறுவனமாகப் பதிவு பெற்று, வருவாயில் குறைந்தது 85 விழுக்காட்டைக் கல்விப் பணிக்கே செலவிட்டு விலக்குப் பெறும் மாற்று வழியைப் பட்டயக் கணக்காளரோடு உடனே பேசித் தொடங்க வேண்டும். வரிக் கேட்பு அறிவிக்கை வந்தபின் இதைத் தொடங்கினால் கடந்த ஆண்டுகளுக்குப் பயன் கிடைப்பது அரிது.

உள்ளாட்சி நிதித் தணிக்கையின் தடைகளும் (செலவுகள் மீது தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபனைகள்) மானியத்தைக் குறைக்கக்கூடியவையே. அனுமதியற்ற பணியிடத்துக்குக் கொடுத்த சம்பளத்தை அரசு ஏற்க மறுத்தால் அந்தத் தொகை பல்கலைக்கழகத்தின் தலையில் விழும். பழைய தடைகளைத் தொகைவாரியாக வரிசைப்படுத்தி, பெரியவற்றுக்கு முதலில் பதில் அனுப்புங்கள்.

இவ்வளவும் முடிந்தபின், மானியம் சென்ற ஆண்டின் அளவிலேயே வருதல், ஆறு மாதம் தாமதமாதல், கால்பங்கு குறைதல் என மூன்று நிலைகளுக்கும் தனித்தனியே பணவரவுக் கணக்குப் போடலாம். கட்டடப் பணி, வாகனக் கொள்முதல், தற்காலிக நியமனம் ஆகியவற்றில் எது எந்த மாதத்தில் நிறுத்தப்படும் என்பதை நிதிக் குழுவில் வைத்து, ஆட்சிக்குழுவின் தீர்மானமாகவே பதிவு செய்வது அவசியம். நெருக்கடி வந்தபின் எந்தத் துறையும் தன் செலவை விட்டுக்கொடுக்காது. மாநில நிதிநிலை அறிக்கை பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ தாக்கலாவதால், கூடுதல் மானியக் கோரிக்கை இந்தக் கணக்குகளோடு அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே உயர்கல்வித் துறைக்குப் போய்ச் சேர வேண்டும்.

பதக்கங்களுக்காகவும் சொற்பொழிவுகளுக்காகவும் கொடையாளர்கள் தந்த அறக்கட்டளை வைப்புகள், ஆய்வு மாணவர்களின் உதவித்தொகை, திட்ட நிதி ஆகியவற்றைச் சம்பளத்துக்குக் கைமாற்றாக எடுக்கக் கூடாது என்பதும் அதே தீர்மானத்தில் இருக்கட்டும். அவற்றுக்குத் தனி வங்கிக் கணக்கு இல்லையென்றால், புதிய நிதியாண்டு தொடங்கும் முன்பே திறந்துவிடுங்கள்.