மேமோகிராமுக்கு அழைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

“உடம்புக்கு ஒன்றுமில்லையே, நான் எதற்கு வரணும்?” மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய எடுக்கும் எக்ஸ்ரே படமான மேமோகிராமுக்கு அழைக்கும்போது அம்மாவோ அக்காவோ இப்படிக் கேட்டதும் பலர் பயமுறுத்தத் தொடங்கிவிடுகிறார்கள். யாருக்கோ நோய் முற்றிய கதை, யாரோ இறந்த கதை. பயந்தவர் பரிசோதனைக்குப் போவதில்லை, அந்தப் பேச்சையே தவிர்க்கிறார். அவர் கேட்டதற்கு நேரான பதில் உண்டு: ஒன்றுமில்லாதவர்களுக்காகத்தான் இந்தப் பரிசோதனை. கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டியும் மேமோகிராமில் தெரியலாம். அந்த நிலையில் பலருக்கு மார்பகத்தை முழுவதும் அகற்ற வேண்டியிருக்காது.

“வலிக்கவே வலிக்காது” என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்தித்தான் படம் எடுப்பார்கள். சிலருக்கு வலிக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் சில நொடிகள்தான். பொய் சொன்னால் இந்த முறை வருவார், அடுத்த முறை வரமாட்டார். மாதவிடாய் நிற்காதவராக இருந்தால் அது முடிந்த வாரத்தில் தேதி வாங்குங்கள். அன்று அக்குளில் பவுடரும் டியோடரண்டும் வேண்டாம், படத்தில், மார்பகத்தில் படியும் சுண்ணாம்புப் (கால்சியம்) புள்ளிகள் போலத் தெரிந்து குழப்பும்.

சொல்ல மறப்பதில் பெரியது, மறுபடியும் கூப்பிடலாம் என்பது. பிரிட்டனில் 100 பேரைப் பரிசோதித்தால் ஏறத்தாழ 4 பேரை மேல்பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். அந்த நால்வரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் உறுதியாகிறது. இது முன்பே தெரியாதவர், போன் வந்த நிமிடமே எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுவார்.

“நம் குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை” என்று அவர் சொன்னால் நாமும் தலையாட்டிவிடுகிறோம். மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் உண்டாவது மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம்தான்.

வயதுக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கப் பரிந்துரை 40 முதல் 74 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை; பிரிட்டனில் 50 வயதிலிருந்து 71 நிறையும் வரை 3 ஆண்டுக்கு ஒருமுறை. அம்மாவுக்கோ சகோதரிக்கோ இந்நோய் வந்திருந்தால் மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் அவசரம் காட்டலாம். புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலோ, ரத்தம் கசிந்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதிவரை பொறுக்கக் கூடாது. போன தடவை ரிப்போர்ட் சுத்தமாக இருந்தது என்பதும், வலிக்கவில்லை என்பதும் காத்திருக்கக் காரணமல்ல.

மற்றபடி, “ஒருநாள் போயிட்டு வா” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்த ஒருநாள் வரவே வராது. தேதியை நீங்களே வாங்கிக் கொடுங்கள், அன்றைக்கு அவருடைய வேலையில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள், பழைய மேமோகிராம் படங்களைத் தேடி எடுத்துப் பையில் வையுங்கள்.