கார் ரேடியோவில் பாட்டுக் கேட்கும்போது செய்யக்கூடாதவை

கையடக்கப் பிளேயரையோ போனையோ கார் ரேடியோவில் இணைத்துப் பாட்டுப் போட்டதும் சத்தம் சரியில்லை என்றால், பழி முதலில் ஸ்பீக்கர் மேல்தான் விழும். பெரும்பாலும் ஸ்பீக்கருக்கு அதில் பங்கே இருக்காது. பாட்டு பிளேயரை விட்டு ரேடியோவுக்குள் நுழைகிற வழியிலேயே கெட்டிருக்கும். புது ஸ்பீக்கர் போட்டால் அதே இரைச்சல் இன்னும் துல்லியமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

வால்யூமில் இருந்து ஆரம்பிக்கலாம். பிளேயரில் பாதிக்கும் கீழே வைத்துவிட்டு, காரில் முழுக்கத் திருகுவார்கள். உள்ளே வரும் சிக்னல் பலவீனமாக இருந்தால் ரேடியோவின் ஆம்ப்ளிஃபையர் பாட்டோடு சேர்த்து கேபிளில் ஏறிய இரைச்சலையும் தூக்கிக் கொடுக்கும். ஹெட்போன் துளையில் இருந்து எடுக்கிறீர்கள் என்றால் பிளேயரை முக்கால்வாசிக்கு மேல் வையுங்கள். பாட்டு உடையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திவிட்டு, மீதியைக் காரில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். சரியாக வைத்தோமா என்று பார்க்க, பாட்டு ஓடும்போதே எஃப்எம்முக்கு மாற்றிப் பாருங்கள். வானொலி காதைப் பிளந்தால் பிளேயரில் வைத்தது போதவில்லை. இன்னொன்று, பேஸை பிளேயரிலும் கூட்டி காரிலும் கூட்டுவது. பேஸ், டிரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் ஓரிடத்தில் இருந்தால் போதும். நான் பிளேயரில் உள்ளதை அணைத்துவிடச் சொல்வேன்.

அதிகம் பேரைப் படுத்துவது ஆக்ஸ் கேபிளில், அதாவது பிளேயரின் ஹெட்போன் துளையைக் கார் ரேடியோவின் ‘ஆக்ஸ்’ துளையோடு இணைக்கும் கம்பியில், வரும் ‘உய்ங்’ சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஏறும், விட்டால் இறங்கும். இன்ஜினோடு சேர்ந்து பாடுகிறது என்றாலே அது இன்ஜின் சுழற்றி மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டரில் இருந்து வருவது என்று வைத்துக்கொள்ளலாம். பிளேயரை கார் சார்ஜரில் செருகி, அதே நேரம் ஆக்ஸிலும் மாட்டினால் எர்த்துக்கு இரண்டு வழி ஏற்பட்டு ஒரு வளையம் (கிரவுண்ட் லூப்) ஆகிவிடுகிறது: ஒன்று சார்ஜர் வழியாக, மற்றொன்று ஆக்ஸ் கேபிளின் வெளிக்கம்பி வழியாக. இரண்டும் காரின் பாடியில் வெவ்வேறு இடத்தில் சேர்வதால் நடுவே சிறு மின்னழுத்த வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம்தான் ஸ்பீக்கரில் கேட்கிறது. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால் காரணம் இதுவேதான்.

இதற்குப் போய் விலை உயர்ந்த கேபிள் வாங்குவது வீண். பேட்டரியில் ஓட்டலாம், இல்லாவிட்டால் ஆக்ஸ் வழியில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றைப் போடலாம். அதற்குள் இருப்பது இரண்டு சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள். பாட்டு காந்தப்புலத்தின் வழியே தாண்டிப் போகும், எர்த் இணைப்பு அறுந்துவிடும். மட்டமானதில் ஆழ்ந்த பேஸ் கொஞ்சம் மெலியும். புளூடூத் ரிசீவர் வாங்கி இதில் இருந்து தப்பித்துவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. அந்த ரிசீவரையே கார் சார்ஜரில் செருகி ஆக்ஸில் மாட்டினால் பழைய வளையம் திரும்ப வந்துவிடும்.

ஆக்ஸிலேயே இன்னொரு வேடிக்கை: இசை கேட்கும், பாடகர் குரல் மட்டும் காணாமல் போகும். பாட்டு ஃபைல் கெட்டுவிட்டது என்று அதை அழிக்க வேண்டாம். பிளக் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது எர்த் கம்பி விட்டுப்போயிருக்கிறது. அப்படி ஆனால் இடது, வலது சிக்னல்களின் வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகும். குரலை இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிந்திருப்பதால் அது கழிந்துவிடும். போன் உறை தடித்து, பிளக் அரை மில்லிமீட்டர் வெளியே நின்றாலே இது நடக்கும்.

ஆக்ஸ் இல்லாத காரில், பிளேயரின் பாட்டை எஃப்எம் அலையாக்கி ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்தான் பலருக்கு நினைவுக்கு வரும். காலியான அலைவரிசையைத் தேடாமல் கண்ட எண்ணில் வைப்பது இதில் பெரிய தவறு. முதலில் டிரான்ஸ்மிட்டரை அணைத்து வைத்துக்கொண்டு ரேடியோவைத் திருகுங்கள். வெறும் ‘ஸ்ஸ்’ மட்டும் வரும் இடம் வேண்டும். அந்த எண் மட்டும் காலியாக இருந்தால் போதாது, இரு பக்கமும் 0.2 மெகாஹெர்ட்ஸ் தள்ளியும் நிலையம் இல்லாதிருப்பது நல்லது. தூரம் போகும்போது வேறு ஊர் நிலையம் அதே இடத்தில் வந்து உட்காரும். ஆகவே காலியான இடங்கள் இரண்டு மூன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்மிட்டருக்குள் போகும் வால்யூமையும் அளவோடு வையுங்கள், மிஞ்சினால் ‘ச’, ‘ஸ’ வரும் இடமெல்லாம் கரகரக்கும். இதன் சக்தி சட்டப்படியே மிகக் குறைவு. ஐரோப்பாவில் உச்சவரம்பு 50 நானோவாட். அதைக் கூட்டுவதற்கு உள்ளே கை வைக்காதீர்கள், ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் நகர்த்திப் பாருங்கள். எஃப்எம்மில் ஒலி சுமார் 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும் என்பதால், எவ்வளவு நல்ல ஃபைல் போட்டாலும் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

பழைய காரில் கேசட் பிளேயர் ஓடுகிறது என்றால், என் ஓட்டு கேசட் அடாப்டருக்குத்தான்: கேசட் வடிவில் உள்ளே போய், கம்பி வழியாகப் பிளேயரின் பாட்டை வாங்கிக் கொடுப்பது. காற்றில் போகாததால் வேறு நிலையம் குறுக்கிடாது. சத்தம் மந்தமாக இருந்தால் அடாப்டரைத் தூக்கிப் போடும் முன் கேசட் பிளேயரின் ஹெட்டை (நாடாவைப் படிக்கும் முனையை) ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். கேசட் பிளேயர் பக்கம் மாறி மாறித் தடுமாறினால் தானாகப் பக்கம் மாற்றும் ஆட்டோ ரிவர்ஸைப் பாருங்கள், திசை தப்பாக இருக்கும்.

பென்டிரைவைக் கார் படிக்கவில்லை என்றால் அதன் ஃபார்மேட்டை, அதாவது ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையைக் கவனியுங்கள். பல கார் ரேடியோக்களுக்கு ஃபேட்32 (FAT32) என்ற ஃபார்மேட் மட்டும்தான் தெரியும். பாட்டு வரிசை குழம்பினால் பெயருக்கு முன்னால் 01, 02 என்று போடுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் 1-க்குப் பிறகு 10 வந்து நிற்கும். சில ரேடியோக்கள் பெயரையும் பார்க்காமல் காப்பி செய்த வரிசையிலேயே ஓட்டும், அவற்றுக்கு வரிசையாகவே காப்பி செய்ய வேண்டும். போனை கேபிளில் இணைத்தும் கார் கண்டுகொள்ளவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உண்டு.

புளூடூத்தில் பாட்டு திடீரென்று டெலிபோன் குரல் போல ஒடுங்கினால், போன் அழைப்புக்கான இணைப்புக்குத் தாவியிருக்கிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆப்பை மூடுங்கள். போனின் புளூடூத் அமைப்பில் மீடியா ஆடியோ அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிளேலிஸ்ட்டை வண்டி எடுக்கும் முன்பே போட்டுவிடுங்கள். இறங்கும்போது பிளேயரை டாஷ்போர்டு மேல் வெயிலில் விட்டுப் போகாதீர்கள், லித்தியம் பேட்டரிக்கு அந்தச் சூடு ஆகாது.