சூறைக்காற்றில் வாழை சாய்ந்தால் சேதக் கணக்கு எடுப்பது எப்படி?

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில், மாலை மேற்கே கருத்துக்கொண்டு வந்தால் எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் வாழைக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். மழை பரவாயில்லை, அதற்கு முன்னால் வரும் காற்றுதான் எமன். இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழிறங்கித் தரையோடு பரவும். பத்து நிமிடம் போதும், தார் தள்ளிய மரமெல்லாம் படுத்துவிடும்.

படி 1. விடிந்த பிறகே தோப்புக்குள் போங்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள்: 94987 94987.

படி 2. எதையும் வெட்டாதீர்கள். நான் கோட்டை விட்டது இங்கேதான். இலையாவது காசாகட்டும் என்று மறுநாளே ஆள் விட்டு வெட்டி ஒதுக்கினேன். மூன்றாம் நாள் அரசு நிவாரணத்துக்காகப் பார்வையிட வந்த அதிகாரி சுத்தமான தோப்பைப் பார்த்துவிட்டு, "எங்கேங்க சேதம்?" என்றார். வரப்போரம் கிடந்த குவியலைக் காட்டினேன். குவியலை எண்ண முடியுமா?

படி 3. வரிசை வரிசையாக எண்ணுங்கள். நோட்டில் மூன்று கட்டம்: முறிந்தது, சாய்ந்தது, நிற்பது. எண்ணிய மரத்தில் சுண்ணாம்புக் கோடு. ஆறுக்கு ஆறடி நடவென்றால் ஏக்கருக்கு 1210 மரம் வரும், கூட்டிச் சரிபாருங்கள். நிவாரணத்துக்கு 33 சதவீதச் சேதம் வேண்டும் என்பதால், "பாதி போச்சு" என்று வாயால் சொல்வது எடுபடாது.

லேசாகச் சாய்ந்ததில்தான் ஏமாறுவோம். தூரைக் காலால் அழுத்துங்கள். மண் வெடித்து ஒருபக்க வேர் அறுந்திருந்தால் அது பெரும்பாலும் தேறாது. மற்றவற்றுக்குச் சவுக்குக் கம்பால் முட்டு கொடுக்கலாம். ஐந்து நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள்.

படி 4. படம். இடமும் தேதியும் படத்திலேயே பதியும் கேமரா செயலி நல்லது. ஆனாலும் நான் நம்புவது நோட்டைத்தான், அதற்கு சார்ஜ் இறங்காது. தோப்பின் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொரு படம், அப்புறம் முறிந்த தார்கள் கிட்டத்தில்.

படி 5. சிட்டா (நில உரிமை விவரம்), அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு), ஆதார், வங்கிப் புத்தக நகலோடு கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலை அலுவலகத்திலும் மனு கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவருக்கு அடங்கலில் போன வருட மஞ்சளே பயிராக இருந்ததாம். வாழை நட்டதும் அதைப் பார்த்து மாற்றிவிடுங்கள். குத்தகைக்காரர்கள் சாகுபடி தங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.