டிடெக்டர் கத்தவில்லை என்பதற்காகக் குழாயைப் பாஸ் செய்யாதீர்கள்

எஃகுக் குழாயின் பூச்சில் துளை (ஹாலிடே) இருக்கிறதா என்று உயர் வோல்டேஜ் கருவியை மேலே ஓட்டிப் பார்ப்பதுதான் ஹாலிடே டெஸ்ட்; துளையில் பொறி பறந்தால் டிடெக்டர் கத்தும். அது கத்தாமல் போவதற்குப் பூச்சு நன்றாக இருப்பதும் காரணமாகலாம், மின்சுற்றை முழுமையாக்கும் எர்த் கிளிப்பைப் பெயிண்டின் மேல் மாட்டியிருப்பதும் காரணமாகலாம். குழாய் முனையில் சுரண்டி, வெற்று எஃகில் மாட்டுங்கள். ஆரம்பிக்கும் முன் தெரிந்தே ஒரு துளை இட்டு, அங்கே கத்துகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அதிகம் தவறுவது வோல்டேஜில். போன வேலைக்கு வைத்ததிலேயே அடுத்த குழாயையும் ஓட்டிவிடுகிறார்கள். துளைக்குள் இருப்பது காற்று. பூச்சின் தடிமன் அளவுக்கு அந்தக் காற்றைத் தாண்டினால்தான் பொறி எஃகைத் தொடும். எப்பிஇ (ஃபியூஷன் பாண்டட் எபாக்ஸி, சூடான எஃகில் உருகி ஒட்டும் பொடி) பூச்சுக்கு, அரிப்புத் தடுப்பு அமைப்பான நேஸ் (NACE, இப்போது AMPP) தரும் கணக்கு, மைக்ரானில் தடிமனின் வர்க்கமூலம் பெருக்கல் 104. 400 மைக்ரானுக்கு 2,080 வோல்ட் வரும். அதையே 3 மி.மீ. மூன்றடுக்கு பாலிஎத்திலீனில் வைத்தால் எஃகு வரை இறங்கிய துளைகூட அகப்படாது. மாற்றி வைத்தால் இன்னும் மோசம்: பாலிஎத்திலீனுக்கு வைக்கும் 25 கிலோவோல்ட் எப்பிஇ-யையே துளைத்துவிடும். டயல் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். பூச்சின் மேல் ஓட்டும் எலெக்ட்ரோடு குழாயின் மேல் இருக்கும்போதே பீக் வோல்டேஜ் மீட்டரால் அளந்து பாருங்கள். வோல்டேஜைத் துடிப்பாகத் தரும் பல்ஸ் வகைக் கருவிக்குச் சாதாரண மல்டிமீட்டர் உதவாது.

எலெக்ட்ரோடாகக் குழாயைச் சுற்றி மாட்டும் ஸ்பிரிங், குழாய் விட்டத்துக்குப் பெரிதாக இருந்தால் அடிப்பக்கம் தொங்கும். அங்கே காற்றிடைவெளி கூடுவதால் மேலே போட்ட கணக்கு வீண். வேகம் நொடிக்கு 30 செ.மீ.-ஐத் தாண்டக் கூடாது. பூச்சு ஈரமாக இருந்தால் துளையில்லாத இடத்திலும் கத்தும், துடைத்துவிட்டு ஓட்டுங்கள்.

வோல்டேஜ் கணக்குக்கு வேண்டிய பூச்சுத் தடிமனை அளக்கும் கேஜை வழவழப்பான தகட்டில் ஜீரோ செய்தால், பிளாஸ்ட் செய்த (துகள்களை வேகமாக அடித்துச் சொரசொரப்பாக்கிய) எஃகின் மேடுபள்ளமும் பூச்சுக் கணக்கில் சேர்ந்துவிடும். பூசும் முன் வெற்று எஃகில் எடுத்த ரீடிங்கைக் கழியுங்கள்.

இவ்வளவு சரியாகச் செய்தாலும் ஹாலிடே டெஸ்ட் ஒட்டுதலைப் பற்றி எதுவும் சொல்லாது. பூசும் முன் எஃகில் உப்பு தங்கியிருந்தால், துளையே இல்லாத பூச்சும் பின்னாளில் கழன்றுவரும். அதற்குத்தான் கத்தோடிக் டிஸ்பாண்ட்மென்ட் டெஸ்ட்; மாதிரியின் பூச்சில் ஒரு துளை இட்டு, உப்புக் கரைசலில் எஃகுக்கு மைனஸ் வோல்டேஜ் கொடுத்து, துளையைச் சுற்றிப் பூச்சு எவ்வளவு கழல்கிறது என்று பார்ப்பது: 3 சதவீத உப்புக் கரைசல், 65 டிகிரி, மைனஸ் 3.5 வோல்ட், 24 மணி நேரம். கரைசல், சூடு, வோல்டேஜ் எல்லாம் கவனமாகப் பார்த்தவர்கள் கழன்ற தூரத்தை அளக்கும்போது கோட்டை விடுகிறார்கள். சூட்டிலிருந்து எடுத்த மாதிரியை ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் துளையைச் சுற்றி எஃகு வரை ஆரக்கோடுகள் கீறிக் கத்தியால் நெம்ப வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால், காய்ந்த பூச்சு நன்றாக ஒட்டியிருப்பது போலக் காட்டும். கழன்ற தூரத்தைத் துளையின் விளிம்பிலிருந்து அளவிடுங்கள். 6 மி.மீ. துளையில் மையத்திலிருந்து அளந்தால் 3 மி.மீ. கூடுதலாக வந்து நல்ல பூச்சும் ஃபெயிலாகும்.